பேனாவும் பீடமும்

1940-ம் ஆண்டு ஜூலைத் திங்கள். இலண்டன் நகர வீதிகளிலே, பழமும் காயும் விற்பதற்கென இருந்த தள்ளுவண்டிகளிலே, ஒரு சிறு நூல் அடுக்கி வைக்கப்பட்டிருந்தது. நாடெங்கும் கடை விரித்திருந்த டபிள்யூ. எச். ஸ்மித் என்ற பெரும் நிறுவனம் அந்நூலை விற்க மறுத்துவிட்டது. மறுத்தார்கள் என்ற செய்தியே அதற்கு விளம்பரமாயிற்று! ஒரு சில வாரங்களுக்குள் இரண்டு லட்சம் படிகள் விலைபோயின. நூலின் பெயர் 'குற்றவாளிகள்'. ஆசிரியர் பெயர் 'கேட்டோ'. உரோமாபுரியின் சாக்கடைகளைத் துப்புரவாக்கியவன் என்று பெயர் பெற்ற பழங்காலத்து மனிதன் அவன். அவன் பெயரைப் பூண்டு வந்தவர் எவர் என்பது எவருக்கும் தெரியாது.

ஒருவரல்லர், மூவர். ஃபிராங்க் ஓவன், பீட்டர் ஹோவார்டு, மைக்கேல் ஃபூட். மூவரும் பத்திரிகையாளர்கள்; மூவரும் பீவர்புரூக் பிரபுவின் ஏடுகளிலே ஊதியம் பெற்றவர்கள். டன்கர்க் கடற்கரையிலிருந்து மூன்று லட்சத்து முப்பத்தெட்டாயிரம் போர்வீரர்கள் உயிர் தப்பி வந்து சேர்ந்த சூடு ஆறுவதற்குள், நான்கே நாட்களில் எழுதி முடித்தார்கள். மூவரிலே இளையவரான ஃபூட்டுக்கு அப்போது வயது 26. அந்த இளைஞரே பின்னர் பிரிட்டிஷ் தொழிற்கட்சியின் தலைவராக உயர்ந்தவர். உயர்ந்து, பெருந்தோல்வி கண்டவர். தோற்ற பின்னரும் எழுதுவதை நிறுத்தாதவர். ஏடு நடத்துபவர் மேடை ஏறுவதும், மேடையிலிருந்து சட்டமன்றம் புகுவதும் தமிழ்நாட்டு இளைஞர்க்குப் புதுச் செய்தியல்ல. ஆகவே இந்த ஆங்கிலேயரின் கதையிலே நாம் காண வேண்டியது அவர் ஏறிய படிகளையல்ல. பேனாவைப் பிடித்த கை பீடத்தைப் பிடித்தபோது அந்தப் பேனா என்னவாயிற்று என்பதைத்தான்.

முதலில் அந்த நூலையே எடுத்துக்கொள்வோம்.

நாடகத்துக்குப் பாத்திர வரிசை போடுவது போல, 15 பேரின் பெயர் முகப்பிலே நிற்கிறது. சேம்பர்லின், ஹாலிஃபாக்ஸ், பால்டுவின், சாமுவேல் ஹோர், ஜான் சைமன், சாகாமல் செத்துவிட்ட இன்னும் சிலர். டன்கர்க் மணலிலே, வானத்து விமானங்களுக்குக் கீழே, போதிய கருவியின்றி நிற்கும் வீரர்களைக் காட்டித் தொடங்குகிறார்கள். பிறகு, இந்த நிலைக்கு இவர்களை ஆளாக்கியவர் யார் என்று கேட்டு, ஆண்டு ஆண்டாகப் பின்னோக்கிச் செல்கிறார்கள். ஆதாரம் எங்கே? ஆட்சியாளர் பேசிய பேச்சே ஆதாரம்! இட்லரைப் பற்றி அமைச்சர் சொன்ன நம்பிக்கை மொழியை ஒரு பக்கத்திலே வைத்து, அதன் பின் இட்லர் செய்ததை அடுத்த வரியிலே வைத்தால் போதும். வசை வேண்டியதில்லை, வாசகனே வாய்விட்டுக் கூறுவான். வழக்கறிஞர் குறுக்கு விசாரணை செய்யும் முறையை உரைநடைக்குக் கொண்டுவந்த திறன் இது. இன்னொன்றையும் மறக்கக் கூடாது. நூல் வெளிவந்தபோது சேம்பர்லினும் ஹாலிஃபாக்சும் பதவியிழந்த பழைய மனிதர்களல்லர். சர்ச்சிலின் போர் அமைச்சரவையிலே வீற்றிருந்தவர்கள். நாடு போரிலே இருக்கும்போது, நாடாள்வோரைப் பெயர் சொல்லிக் குற்றஞ்சாட்டிய துணிவு அது.

துணிவைப் போற்றுவோம், நேர்மையையும் உரைத்துப் பார்ப்போம். 15 பேர் கொண்ட அந்தப் பட்டியலில் ஒருவர் பெயர் இல்லை. அவர்தான் பீவர்புரூக் பிரபு! ஐரோப்பாவிலே போர் வராது என்று தன் 'டெய்லி எக்ஸ்பிரஸ்' ஏட்டிலே திரும்பத் திரும்ப நாட்டுக்குச் சொன்னவர் அவர். இட்லரோடு ஒத்துப்போகலாம் என்ற கொள்கைக்கு அவர் அளவுக்குப் பறை கொட்டிய பத்திரிகை முதலாளிகள் சிலரே. அவரிடம் சம்பளம் வாங்கிய மூவர், அவர் தவிர்த்த மற்றவர்களைக் கூண்டிலே ஏற்றினார்கள். 1940 மே திங்களில் அவர் விமான உற்பத்தி அமைச்சராகிவிட்டார். விமானங்களும் வேகமாகக் கிளம்பின. அதைக் காட்டி மன்னித்தோம் என்று அவர்கள் கூறியிருக்கலாம். கூறவில்லை, வாய் திறக்கவேயில்லை.

தொழிற்கட்சியின் பங்கும் அவ்வாறே மறைந்தது. 1937 வரை இராணுவச் செலவு மானியங்களை எதிர்த்து வாக்களித்த கட்சி அது. 1939 ஏப்ரலிலே கட்டாயப் படைச் சேவையையும் எதிர்த்தது. 1934-ல், வி. கே. கிருஷ்ண மேனன் பதிப்பித்த 'இளைய ஆக்ஸ்போர்டும் போரும்' என்ற தொகுப்பிலே போரை வெறுத்து எழுதிய மாணவர்களுள் ஃபூட்டும் ஒருவர். ஆறு ஆண்டுகளில் மனம் மாறுவது குற்றமல்ல; நிலைமை மாறினால் கருத்து மாறத்தான் வேண்டும். ஆனால் பிறருடைய பழைய பேச்சையெல்லாம் தோண்டி எடுத்து வைக்கும் நூல், தன் பழைய பேச்சை மட்டும் புதைத்து வைப்பது எந்த ஊர் நியாயம்? இந்தக் குறை இருந்தும் அந்நூல் வாழ்ந்தது. அதற்குக் காரணம் அதன் நடை. 1945 தேர்தலிலே பழமைக் கட்சி வீழ்ந்ததற்கு இந்நூலும் ஒரு காரணம் எனப் பேசுவோர் உண்டு. அளவிட்டுக் காட்ட முடியாத கூற்று அது. ஒரு தலைமுறை சேம்பர்லினை இந்த நூலின் கண்கொண்டு பார்த்தது என்பது மட்டும் உறுதி.

யார் இந்த ஃபூட்? 1913 ஜூலை 23-ல் பிளிமத் நகரிலே பிறந்தவர். தந்தை ஐசக் ஃபூட் வழக்கறிஞர். லிபரல் கட்சி நாடாளுமன்ற உறுப்பினர். மெதடிஸ்டு சமயப் பற்றாளர். வீட்டின் அறைகளெல்லாம் நிரம்பி மாடிப்படி வரை வழிந்த பல்லாயிரம் நூல்களுக்குச் சொந்தக்காரர். அண்ணன்மாருள் டிங்கிள் நாடாளுமன்றம் புகுந்தார். ஹியூ, குடியேற்ற நாட்டு ஆட்சித்துறையிலே உயர்ந்து சைப்ரஸ் தீவின் கடைசி ஆளுநரானார். மைக்கேல் ஆக்ஸ்போர்டிலே வாடாம் கல்லூரியில் பயின்று, 1933-ல் மாணவர் மன்றத் தலைவரானார். அதுவரை அவர் தந்தை வழி லிபரல்தான். பட்டம் பெற்று, லிவர்பூல் துறைமுகத்திலே கப்பல் நிறுவனம் ஒன்றில் எழுத்தராக அமர்ந்தார். அங்கே வேலையற்றோர் கூட்டத்தை, வறுமை நெரியும் சந்துகளை, பசியால் ஒட்டிய முகங்களைக் கண்டார். நூல் நிலையம் தராத பாடத்தைத் துறைமுகம் தந்தது. தொழிற்கட்சியிலே சேர்ந்தார். தந்தையின் சமயத்தையும் விட்டார். இறுதி நாள்வரை நாத்திகராகவே இருந்தார். தேசிய மதச்சார்பற்றோர் கழகம் அவரை மதிப்புறு தோழராகக் கொண்டிருந்தது.

1937-ல் ஸ்டாஃபோர்டு கிரிப்ஸ் முதலானோர் 'டிரிப்யூன்' வார ஏட்டைத் தொடங்கியபோது அதிலே எழுத வந்தார். மறு ஆண்டு ஆசிரியர் வில்லியம் மெல்லர் நீக்கப்பட்டார். அந்த நாற்காலி 25 வயது ஃபூட்டிடம் நீட்டப்பட்டது. அநியாயமாக வெளியேற்றப்பட்டவரின் நாற்காலியிலே அமர மாட்டேன் என்று கூறி, இருந்த வேலையையும் உதறிவிட்டு வெளியேறினார். என் கருத்திலே, அவருடைய நீண்ட வாழ்விலே தூய்மையான செயல் இதுதான். கையிலே காசில்லாத காலத்தில், கெஞ்சாமல் கிடைத்த ஆசிரியர் பதவியை வேண்டாமென்றவர்! அப்படி வெளியேறியவர் போய்ச் சேர்ந்த இடம் எது? அனியூரின் பெவான் பரிந்துரைக்க, பீவர்புரூக்கின் 'ஈவினிங் ஸ்டாண்டர்டு'. 1942-ல் 28 வயதிலே அதன் ஆசிரியர். சமதர்மம் பேசும் இளைஞருக்கும் பேரரசு பேசும் பிரபுவுக்கும் நட்பு மலர்ந்தது; மகனைப் போல் நடத்தினார் முதலாளி. 1944-ல் கருத்து வேற்றுமை காரணமாக ஃபூட் விலகினார். பாசம் மட்டும் விலகவில்லை. பின்னாளில் 'டிரிப்யூன்' பணமின்றித் தவித்தபோதும் பீவர்புரூக்கின் பை அவிழ்ந்தது. 1980-ல் வெளிவந்த 'நன்றிக் கடன்கள்' என்ற கட்டுரைத் தொகுப்பிலே, ஹாஸ்லிட், ஸ்விஃப்ட் போன்றோரோடு பீவர்புரூக்குக்கும் ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். படித்துப் பாருங்கள்: அன்பு இருக்கிறது, நகைச்சுவை இருக்கிறது. கணக்குத் தீர்ப்பது மட்டும் இல்லை.

1945-ல் டெவன்போர்ட் தொகுதியிலே வென்று நாடாளுமன்றம் புகுந்தார். பேனாவைக் கீழே வைக்கவில்லை. 'டெய்லி ஹெரால்டு' நாளேட்டிலே பத்தி எழுதினார், 'டிரிப்யூன்' ஆசிரியரானார். 1950-ல் ஒரு நிகழ்ச்சி. அணுவியல் இரகசியங்களைச் சோவியத்துக்குத் தந்த கிளாஸ் ஃபூக்ஸ் தண்டனை பெற்ற வேளை. போர்த்துறை அமைச்சர் ஜான் ஸ்டிரேச்சியின் பழைய கம்யூனிஸ்டு தொடர்பை அந்தச் செய்தியோடு பிணைத்து, கொட்டை எழுத்திலே வெளியிட்டது ஓர் ஏடு. எந்த ஏடு? ஃபூட் முன்னர் ஆசிரியராக இருந்த அதே 'ஈவினிங் ஸ்டாண்டர்டு'! ஃபூட் சீறினார். 'டிரிப்யூன்' ஏட்டிலே அவர் எழுதிய கண்டனத்துக்குத் தலைப்பு 'கெம்ஸ்லியிலும் கீழே'. கெம்ஸ்லி பிரபுவோ வேறு பல ஏடுகளின் முதலாளி. அந்த நிகழ்ச்சியிலே அவருக்குத் தொடர்பே இல்லை. கீழ்மைக்கு அளவுகோலாகத் தன் பெயரை ஆளலாமா என்று மானநட்ட வழக்குத் தொடுத்தார். வழக்கு பிரபுக்கள் சபை வரை சென்றது. 1952-ல் தீர்ப்பு: பத்திரிகைகளை நடத்தும் முறை ஊரறியக் கிடக்கும் செய்தி, அதன்மீது கருத்துரைப்போன், ஆதாரத்தை வரிவரியாக எடுத்தெழுத வேண்டியதில்லை, நியாயமான கருத்துரை என்ற வாதத்தை அவன் எடுத்து வைக்கலாம். ஆங்கிலச் சட்டம் பயில்வோர் அந்த வழக்கைப் பல்லாண்டு பயின்றனர். ஓர் எழுத்தாளன் மூன்று சொல்லில் எழுதிய கண்டனம் விமர்சகர் அனைவர்க்கும் கேடயமாயிற்று. அமைச்சராக இருந்து அவர் நிறைவேற்றிய சட்டங்களோடு ஒப்பிட்டாலும் இது சிறியதல்ல என்பேன்.

1955-ல் நூறு வாக்கு அளவிலே டெவன்போர்ட்டை இழந்தார். இழந்த அந்த ஐந்தாண்டுகளே எழுத்தாளருக்கு நல்ல அறுவடை. 1957-ல் 'பேனாவும் வாளும்'. 1710-க்கும் 1711-க்கும் இடைப்பட்ட காலத்திலே, ஐரோப்பாவின் பெரும் படைத்தலைவன் மார்ல்பரோவை, ஜோனதன் ஸ்விஃப்டின் பேனா எவ்வாறு வீழ்த்திற்று என்பதே பொருள். ஃபூட்டின் நூல்களிலே தலையாயது எதுவெனக் கேட்டால் இதையே காட்டுவேன். காரணம், இதிலே அவர் எவருக்கும் கட்சிக்காரர் அல்லர். ஸ்விஃப்ட் ஆளுங்கட்சியின் கூலிக்கும் புகழ்ச்சிக்கும் மயங்கியதை மறைக்கவில்லை. மார்ல்பரோவின் பெருமையைக் குறைக்கவுமில்லை. பெவானைப் பற்றிய இரு தொகுதிகள், 1962-லும் 1973-லும் வெளிவந்தவை, வேறு வகை. சுரங்கத் தொழிலாளியின் மகன், தானும் பதின்மூன்றில் சுரங்கம் இறங்கியவன், 1948-ல் தேசிய நலவாழ்வுச் சேவையை எழுப்பிய கதையை அவரைப்போல் உணர்ச்சி ததும்ப எவரும் சொல்லவில்லை. ஆனால் பெவானின் எதிரி கெய்ட்ஸ்கெல் வாய் திறக்கும்போதெல்லாம் ஆசிரியரின் முகம் சுளிக்கிறது; வாசகனுக்கு அது தெரிகிறது. பெவானே 1957-ல் அணுகுண்டை ஒருதலையாகக் கைவிட மாட்டோம் என்று கூறி ஃபூட்டின் நெஞ்சைப் பிளந்தார். நாற்காலி உடையும் அளவுக்கு இருவரும் சண்டையிட்டனர் என்பது செய்தி. அந்தப் பிளவைக் கூறும் பக்கங்களிலேதான் நூல் துதிபாடலைத் தாண்டி நிற்கிறது. பெவான் மறைந்ததும் 1960-ல் அவருடைய எப்வேல் தொகுதிக்கே ஃபூட் உறுப்பினரானார்.

அங்கிருந்து பீடத்தின் படிகள் தொடங்குகின்றன. 1969-ல் நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன், வேடிக்கையும் வேதனையும் கலந்தது. பிரபுக்கள் சபையைச் சீர்திருத்தத் தொழிற்கட்சி அரசு மசோதா கொணர்ந்தது. சபையே கூடாது என்பவர் ஃபூட். சபையைத் தொடவே கூடாது என்பவர் ஈனாக் பவல், முந்திய ஆண்டுதான் நிறவெறிப் பேச்சால் நாட்டைக் கலக்கியவர். இருவரும் கைகோத்துப் பேசிப் பேசியே மசோதாவைச் சாகடித்தார்கள்! விளைவு? பிறப்பால் பிரபுவானோர் பெருந்திரளாக அங்கேயே அமர்ந்திருந்தனர், 1999 வரை. தூய கொள்கை, முப்பதாண்டுப் பழமைக்குக் காவலாக நின்ற விந்தை இது. தமக்கு வந்த பிரபுப் பட்டத்தை ஃபூட் ஏற்கவில்லை என்பதையும் உடன் எழுதத்தான் வேண்டும்.

1974-ல் வேலைவாய்ப்பு அமைச்சர். சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை முடித்து வைத்தார். பணியிடப் பாதுகாப்புச் சட்டம் அவர் காலத்திலே நிறைவேறிற்று. ஆலையிலே கைகால் இழக்காமல் வீடு திரும்பும் பிரிட்டிஷ் தொழிலாளிக்கு அது சாதாரண ஏடல்ல. ஆனால் தொழிற்சங்கச் சட்டத் திருத்தம் வந்தபோது, சங்கத்திலே சேராதவருக்கு வேலையில்லை என்ற ஏற்பாடு செய்தித்தாள் அலுவலகங்களுக்கும் பொருந்துமா என்ற கேள்வி எழுந்தது. பொருந்தினால் எவர் எழுதலாம் என்பதைச் சங்கம் தீர்மானிக்குமே என்று பத்திரிகாசிரியர்கள் கொதித்தெழுந்தனர். பிரபுக்கள் சபையிலே குட்மன் பிரபு எதிர்ப்புக்குத் தலைமை தாங்கினார். மெல்லருக்காக வேலையை உதறிய ஃபூட், இப்போது பத்திரிகைச் சுதந்தரத்தின் பகைவர் என்று பத்திரிகைகளாலேயே ஏசப்பட்டார். ஏசியவர் எல்லாரும் யோக்கியரல்லர்; முதலாளியின் கட்டளைக்கு நாள்தோறும் தலை வணங்கியவர் பலர் அன்று சுதந்தர கீதம் பாடினர். ஆயினும் கேள்வி நியாயமானது. சுதந்தரத்துக்கு ஒரு சாசனம் எழுதிக்கொள்ளலாம் என்று 1976 சட்டத்திலே இடம் வைத்தார். 28 வயது ஆசிரியர் ஃபூட் அந்தப் பதிலோடு நிறைவடைந்திருப்பாரா? ஐயமே.

1979 மார்ச் 28-ல் 311-க்கு 310 என்று ஒரே வாக்கிலே அரசு கவிழ்ந்தது. 1980 நவம்பரில், 139-க்கு 129 என்ற கணக்கிலே டெனிஸ் ஹீலியை வென்று கட்சித் தலைவரானார். அப்போது வயது 67. கட்சியோ பிளந்தது, நான்கு முன்னாள் அமைச்சர்கள் வெளியேறித் தனிக்கட்சி கண்டனர். 1981-ல் போர் நினைவுச் சின்னத்தின் முன் அவர் அணிந்து நின்ற ஒரு குட்டைக் கோட்டு பத்திரிகைகளுக்கு விருந்தாயிற்று. கூலியாள் அணியும் கோட்டோடு வந்தார், இறந்த வீரர்களை இழிவு செய்தார் என்று எழுதினர். அது கூலியாள் கோட்டுமல்ல. அரசியின் தாயாரே அதைப் பாராட்டினார் என்று ஃபூட் பலமுறை கூறியிருக்கிறார். கூறி என்ன? சேம்பர்லினை ஒரே படத்திலே அடக்கிக் காட்டக் கற்றுத் தந்தவரே ஃபூட்தானே! அந்தக் கலை இப்போது அவர்மீதே பாய்ந்தது. 1983 தேர்தலிலே தொழிற்கட்சிக்கு 27.6 விழுக்காடு வாக்கு, 209 இடம். தாட்சருக்கு 397. கோட்டின்மீது பழி போடுவது எளிது. அணு ஆயுத ஒழிப்பு, ஐரோப்பியச் சந்தையிலிருந்து விலகல் என்று கட்சிக்குள்ளேயே ஒத்த மனமில்லாத அறிக்கையைக் கையிலே பிடித்து நின்றதும், பிளந்த கட்சியைக் கட்டத் தெரியாத தலைமையும் காரணங்கள். பேச்சிலே அவர் சிங்கம்; பட்டியல் போடுவதிலே, ஆள் பிரித்து வேலை தருவதிலே, குழந்தை.

1995-ல் 'சண்டே டைம்ஸ்', ஃபூட் சோவியத் உளவுத்துறையின் ஆள் என்று தலைப்பிட்டது. அன்று வழக்கிலே பிரதிவாதியாக நின்றவர் இன்று வாதியானார். ஏடு நட்டஈடு தந்தது. 2010 மார்ச் 3-ல் 96 வயதிலே மறைந்தார். சமயச் சடங்கின்றித் தகனம். 2018-ல் ஒரு நூல் அதே குற்றச்சாட்டை மீண்டும் எழுப்பியது, பதில் சொல்ல அவர் இல்லாத நேரத்திலே.

வரிசையிலே 1975-ஐத் தாண்டி வந்தேன். வேண்டுமென்றேதான்.

அவ்வாண்டு ஜூன் 25-ல் இந்தியாவிலே நெருக்கடி நிலை. எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறையிலே. செய்தித்தாள்களின் பக்கங்கள் தணிக்கை அதிகாரியின் மேசையிலே. 1976 சனவரி 31-ல் தமிழ்நாட்டிலே, மக்கள் வாக்களித்து அமைத்த தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது; தோழர்கள் பலர் சிறையேகினர். எந்தக் கட்டுரை வெளிவரலாம் எது கூடாது என்று அதிகாரி கோடு போட்ட அந்த நாட்களை இங்கே ஏடு நடத்தியவர்கள் அறிவர். அப்போது இலண்டனிலே அமைச்சராக வீற்றிருந்த மைக்கேல் ஃபூட் எந்தப் பக்கம் நின்றார்? இந்திரா காந்தியின் பக்கம்! பெவானின் துணைவியார் ஜென்னி லீயும் அவ்வாறே. காரணம் தெரியாததல்ல. 1930-களிலேயே கிருஷ்ண மேனனோடு இந்தியா லீக் இயக்கத்திலே பாடுபட்டவர் ஃபூட். இந்திய விடுதலைக்காக இங்கிலாந்திலே குரல் கொடுத்த நல்லோருள் ஒருவர். நேரு குடும்பத்திடம் பற்றுக் கொண்டவர். அந்தப் பற்று அவர் கண்ணை மறைத்தது. பீவர்புரூக்கைப் பட்டியலிலே சேர்க்காமல் விட்ட அதே கண்! நண்பர் என்றால் நா எழாது. 1940-ல் அது ஒரு நூலின் குறை. 1975-ல், தணிக்கையின் கீழ்க் கிடந்த ஒவ்வோர் ஆசிரியனுக்கும் அது இலண்டனிலிருந்து விழுந்த அடி. ஏனெனில் அங்கே பேசியவர் வெறும் அமைச்சரல்லர், கெம்ஸ்லி வழக்கை நடத்திய ஃபூட்.

பிந்திய ஒரு நிகழ்ச்சியும் உண்டு. 1988-ல் புக்கர் பரிசுக் குழுவுக்கு ஃபூட் தலைவர். இறுதிப் பட்டியலிலே இடம் பெற்ற நாவல்களுள் ஒன்று சல்மான் ருஷ்டியின் 'சாத்தானின் கவிதைகள்'. மறு ஆண்டு ஈரானிலிருந்து மதத்தின் பேரால் மரண ஓலை வந்தபோது, ஃபூட் தயங்காமல் எழுத்தாளரின் பக்கம் நின்றார். அந்த ருஷ்டிதான் 1981-ல் 'நள்ளிரவுக் குழந்தைகள்' நாவலிலே நெருக்கடி நிலையைச் சாடியவர். அந்நாவலின் ஒரு வாக்கியத்துக்காக இந்திரா காந்தி இலண்டன் நீதிமன்றத்திலே வழக்குத் தொடுத்தார். அந்த வாக்கியம் நீக்கப்பட்டது.